பழைய இதழ்களை மின்னாக்கத்துக்குக் கொடுத்தோம்: சேவை எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நிறுவனத்தின் பெயர் இதில் வராது. ஒரு தரப்பு மற்றதன் பெயரை எழுத்தில் அனுமதி வாங்காமல் பொதுவில் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைக் கேட்டு வாங்கியதே எங்கள் தரப்புதான், அதனால் முணுமுணுக்க வழியில்லை. பெயர் இல்லாத மதிப்புரையால் என்ன பயன் என்று கேட்பீர்கள். இந்த மாதிரி வேலைக்கு வெளியே ஆள் தேடுகிறவர்களுக்கு எதைப் பார்த்து ஆளைப் பிடிப்பது, பிடித்த பிறகு எப்படி வேலை வாங்குவது என்பதில்தான் குழப்பம் அதிகம். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது.

வேலை இதுதான். ஒரு சிற்றிதழின் பழைய இதழ்கள் முழுவதையும் மின்னாக்கம் செய்ய வேண்டும். முற்பகுதி ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தவை. பிற்பகுதி பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்தவை. அவற்றில் சிலவற்றுக்குக் கோப்புகளே இருந்தன, ஆனால் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில். எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து, ஓசிஆர் எனப்படும் எழுத்துணரியில் ஓட்டி, மெய்ப்புப் பார்த்து (பிழை திருத்தி), தேடக்கூடிய யுனிகோடு உரையாகவும் பக்கப் படமாகவும் தர வேண்டும். நான் இதழின் தயாரிப்பு வேலைகளைப் பார்க்கிறவள். எங்களிடம் இதற்கு ஆளும் இல்லை, கருவியும் இல்லை. ஆசிரியர் குழுவில் ஒருவர் “நாமே விடுமுறைகளில் உட்கார்ந்து செய்துவிடலாமே” என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த விடுமுறையில் உட்காரப் போகிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சில நிறுவனங்களுக்கு ஒரே பக்கங்களை அனுப்பி மாதிரி கேட்டோம். நல்ல பக்கங்களை அனுப்பாமல், இருப்பதிலேயே மோசமானவற்றைப் பொறுக்கி அனுப்பினேன்: ஈரம் பட்டுக் கறை ஏறிய ஒரு கட்டுரைப் பக்கம், ஒரு கவிதைப் பக்கம், தமிழ் எண்களில் பக்க எண் போட்ட பொருளடக்கம், வாசகர் கடிதங்கள், ஓரத்தில் விளம்பரம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஒரு சிறுகதையின் கடைசிப் பக்கம். ஆள் தேடுகிறவர்களுக்கு நான் அடித்துச் சொல்லும் யோசனை இது. தெளிவான பக்கத்தை எந்தக் கருவியும் படித்துவிடும்.

ஒரு நிறுவனம் அன்று மாலையே விலைப்பட்டியல் அனுப்பியது. மாதிரி இல்லை. மாதிரி கேட்டதற்கு, வேலை உறுதியானால்தான் என்றார்கள். சரி, வணக்கம். இன்னொரு நிறுவனம் “எங்கள் சொந்தச் செயற்கை நுண்ணறிவு” என்று ஒரு பக்கம் நிறைய எழுதி, கூடவே மாதிரியையும் அனுப்பியது. எனக்கு ஒரு சந்தேகம் வந்து அதே பக்கங்களை என் கணினியில் டெசராக்ட்டில் ஓட்டிப் பார்த்தேன். டெசராக்ட் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய எழுத்துணரி. எச்பி நிறுவனம் 1985-இல் தொடங்கி உருவாக்கியது, 2005-இல் திறமூலமாக வெளியானது, மறு வருடத்திலிருந்து கூகுள் ஆதரவில் வளர்ந்தது. எனக்கு வந்த பிழைகளும் அவர்கள் மாதிரியில் இருந்த பிழைகளும் வரிக்கு வரி ஒன்றாகவே இருந்தன. இலவசக் கருவியைப் பயன்படுத்துவதில் தப்பே இல்லை, எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மாதிரிப் பக்கத்தைக்கூட ஒரு மனிதர் படித்துப் பார்க்கவில்லை என்பது அதில் தெரிந்துவிட்டது.

நாங்கள் கடைசியில் தேர்ந்தெடுத்த குழு, மாதிரியை அனுப்புவதற்கு முன்னால் கேள்விகளை அனுப்பியது. அந்தக் கேள்விகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மதிப்புரையில் நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி அதற்குத்தான்.

முதல் கேள்வி பழைய எழுத்து வடிவங்கள் பற்றியது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ‘லை’, ‘ணை’, ‘னை’ எல்லாம் யானைத் தும்பிக்கை தூக்கியது மாதிரி இருக்கும். ‘ணா’, ‘றா’, ‘னா’ ஆகியவையும் வேறு வடிவம். யுனிகோடில் இவற்றுக்குத் தனிக் குறியீடு கிடையாது, பழைய வடிவமாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. ஆகவே உரையில் இன்றைய முறையில்தான் வரும், பழைய தோற்றம் பக்கப் படத்தில் மட்டும் இருக்கும், இது உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். சம்மதம்தான். ஆனால் கேட்காமல் செய்திருந்தால், எங்கள் மூத்த ஆசிரியர் முதல் தவணையாக வரும் பக்கக் கட்டைப் பார்த்ததும் ‘என் இதழின் எழுத்தையே மாற்றிவிட்டார்கள்’ என்று கொதித்திருப்பார்.

இரண்டாவது, வரி உடையும் இடம். பழைய அச்சில் சொல் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போகும், இடையில் சிறுகோடு போடுகிற வழக்கம் பெரும்பாலும் இல்லை. வரிக் கடைசியில் ‘வந்து’ என்று நின்று அடுத்த வரி ‘விட்டான்’ என்று தொடங்கினால், அது ‘வந்துவிட்டான்’ என்ற ஒரே சொல்லா, ஆசிரியர் பிரித்து எழுதியதா? இயந்திரத்துக்குத் தெரியாது. அதே ஆசிரியர் அதே கதையில் வேறு இடத்தில் எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்த்து முடிவெடுக்கலாமா என்று கேட்டார்கள். இதைக் கேட்கிறவர்களுக்கு மெய்ப்பு என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது.

மூன்றாவது, அச்சுப்பிழை. மூலத்திலேயே ‘பறவை’ என்று வர வேண்டிய இடத்தில் ‘பரவை’ என்று அச்சாகியிருந்தால் திருத்துவதா, விடுவதா? ‘பரவை’ என்றால் கடல், அதுவும் ஒரு சொல்தான். கவிதையில் எது கவிஞர் நினைத்தது என்று யார் சொல்வது? ஒற்று மிகாமல் விட்ட இடங்கள்? நாங்கள் எல்லாவற்றையும் மூலத்தில் உள்ளபடியே விடச் சொல்லி, சந்தேகமான இடத்தைத் தனியே குறித்துத் தரச் சொன்னோம்.

தமிழ் எண்கள் அடுத்த தலைவலி. ௧, ௨, ௭, ௮ ஆகியவை கண்ணுக்கு க, உ, எ, அ போலவே இருக்கும். எழுத்துணரி பக்க எண்ணை எழுத்தாகப் படித்துவிட்டால், பொருளடக்கத்தில் எண் வர வேண்டிய இடமெல்லாம் ‘எஅ’, ‘கஉ’ என்று நிற்கும். அதை அவர்கள் எங்கள் மாதிரியிலேயே கண்டுபிடித்துக் காட்டினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசிக் கேள்வி. வாசகர் கடிதப் பக்கத்தில் எழுதியவரின் பெயரோடு வீட்டு எண், தெரு எல்லாம் முழுதாக அச்சாகியிருந்தது. அந்தக் காலத்தில் அது சாதாரணம். “இதைத் தேடக்கூடிய உரையாக்கினால் யார் வேண்டுமானாலும் பெயரைத் தட்டி வீட்டு முகவரியை எடுத்துவிடலாம். அப்படியே போடவா?” என்று கேட்டிருந்தார்கள். எங்கள் குழுவில் அதுவரை ஒருவருக்கும் இது தோன்றவில்லை. உரையில் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்வது, பொதுவில் போடும் பக்கப் படத்தில் அந்த வரியை மறைப்பது, மறைக்காத மூலப் படத்தை எங்களிடம் மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். விலைப்பட்டியலில் இவர்கள்தான் குறைவு என்று இல்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பிறகு வேறு யாரைப் பற்றியும் நாங்கள் பேசவில்லை.

ஒப்பந்தம் எழுதுகிற கட்டத்தில் நான் பிடிவாதமாக இருந்த விஷயம் ஒன்றுதான்: எப்போது ஒரு கட்டு ‘முடிந்தது’ என்று சொல்லலாம்? தொண்ணூற்றொன்பது சதவீதத் துல்லியம் என்று முதலில் ஒரு வரைவு வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்தில் 2000 எழுத்துகள் என்று வைத்தால் 99 சதவீதம் என்பது பக்கத்துக்கு 20 பிழை. அப்படி ஒரு புத்தகத்தை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? 99.95 சதவீதம் என்றால் பக்கத்துக்கு ஒரு பிழை. அங்கேதான் நின்றோம். கவிதைக்கும் அட்டவணைக்கும் நேரம் அதிகம் ஆகும் என்று அந்தப் பக்கங்களுக்குத் தனி விலை கேட்டார்கள். நியாயம்தான், ஒப்புக்கொண்டோம்.

அப்புறம், எதையெல்லாம் பிழை என்று எண்ணுவது? கண்ணுக்குத் தெரிகிற பிழை மட்டும் என்றால் யுனிகோடில் ஏமாந்துவிடுவோம். ‘கொ’ என்பதில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடும்போது ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் போகலாம். இதையாவது ஒரு மென்பொருளைக் கொண்டு ஒரே சீராக மாற்றிவிடலாம். ‘கௌ’ என்று வர வேண்டிய இடத்தில் ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டிருந்தால் அது எழுத்துப்பிழையாகவே கிடக்கும், சீராக்கும் மென்பொருள் அதைத் தொடாது. ஆகவே இரண்டையும் பிழைக் கணக்கில் சேர்த்தோம். ஒவ்வொரு கட்டிலும் குலுக்கல் முறையில் சில பக்கங்களை எடுத்து மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது, பிழை வரம்பைத் தாண்டினால் கட்டு முழுவதும் அவர்கள் செலவில் திரும்பிப் போவது. தொழிற்சாலைகளில் பொருளைச் சோதிக்கிற முறைதான் இது, ஐஎஸ்ஓ 2859 என்று இதற்குத் தரநிலையே இருக்கிறது. நாங்கள் அதன் அட்டவணைகளை அப்படியே எடுக்கவில்லை, யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இவ்வளவு நுணுக்கம் சின்ன இதழுக்குத் தேவையா என்று எங்களுக்குள்ளேயே பேச்சு வந்தது. அப்போது நான் எடுத்துக் காட்டியது ஹெர்ட்ஸ் வழக்கு. அந்த வாடகைக் கார் நிறுவனம் தன் இணையதளத்தையும் செயலிகளையும் புதிதாகச் செய்ய அக்செஞ்சர் என்ற ஆலோசனை நிறுவனத்திடம் கொடுத்திருந்தது. 2019-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் அவர்கள்மேல் வழக்குப் போட்டது. புகார்களில் ஒன்று, பெரிய திரை, நடுத்தரத் திரை, சின்னத் திரை மூன்றுக்கும் பொருந்த வேண்டும் என்பது பேச்சாக இருக்க, நடுத்தரத் திரைக்கானதைச் செய்யாமல் விட்டு அதற்குத் தனியாகப் பணம் கேட்டார்கள் என்பது. அக்செஞ்சர் புகார்களை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்பது எனக்கு முக்கியமில்லை. சட்ட ஆலோசகர்கள் கூட்டமாக உள்ள நிறுவனங்களே ‘இது வேலையில் சேர்ந்ததா இல்லையா’ என்பதில் மோதிக்கொள்ளும்போது, இரண்டு பக்க மின்னஞ்சலை நம்பி நாம் எப்படி இறங்குவது?

பணம் கட்டுகிற விதத்தையும் இதோடு இணைத்தோம். கட்டு வந்து சேர்ந்ததற்குப் பணம் இல்லை, சோதனையில் தேறியதற்குத்தான். அதற்குப் பதிலாக அவர்கள் ஒன்று கேட்டார்கள்: சோதனையை நாங்கள் இழுத்தடிக்கக் கூடாது, குறித்த நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால் தேறியதாகக் கொள்ளப்படும். கேட்டபோது கொஞ்சம் கசந்தது. ஆனால் வேலை கொடுத்தவர்கள் மேசையில் கிடந்து அழுகிற வேலைகள் எத்தனையோ. சிறிய குழுவுக்குச் சம்பளம் போட வேண்டிய நாள் நாள்காட்டியில் அசையாமல் நிற்கும்.

வேலை ஓடத் தொடங்கியதும் எல்லாமே ஒரு தாளைச் சுற்றி நடந்தது. பகிர்ந்துகொண்ட ஒரு விரிதாள், பெயர் ‘சந்தேகப் பட்டியல்’. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு வரி: எந்த இதழ், எந்தப் பக்கம், எத்தனையாவது வரி, என்ன தெரிகிறது, அவர்கள் என்ன போடலாம் என்று நினைக்கிறார்கள், எங்கள் பதில், தேதி. ‘இங்கே என்ன போடுவது?’ என்று வெறுமனே கேட்டு நிறுத்தாமல், தங்கள் பதிலையும் எழுதிவிட்டுத்தான் கேட்பார்கள். நான் பெரும்பாலும் ‘சரி’ என்று அடித்தாலே போதும்.

இரண்டு வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அவர்கள் நினைத்ததே நிற்கும், ஆனால் அந்த வரி மஞ்சளாக இருக்கும், நாங்கள் பிறகு பார்த்து மாற்றலாம். மௌனம் சம்மதம் என்பதை ஒப்பந்தத்திலேயே போட்டுவிட்டார்கள். இந்த யோசனை அவர்களுடையது, நான் இனி யாரிடம் வேலை கொடுத்தாலும் இதைக் கேட்பேன். எங்கள் மூத்த ஆசிரியர் ஒரு சொல்லைப் பற்றி வாரக்கணக்கில் யோசிக்கக்கூடியவர். யோசிக்கட்டும், மஞ்சள் வரி அவருக்காகக் காத்திருக்கும், வேலை காத்திருக்காது.

அவர்கள் பக்கம் ஒரு ஒருங்கிணைப்பாளர், எங்கள் பக்கம் நான். வேறு யாரும் நேரடியாக எதையும் மாற்றச் சொல்லக் கூடாது. இதை நடைமுறையில் காப்பாற்றியது அவர்தான், நான் இல்லை. எங்கள் குழுவில் ஒருவர் வாட்ஸ்அப்பில் அவருக்கு நேரே “விளம்பரப் பக்கங்களையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்” என்று செய்தி போட, அவர் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, “மேடம், இது வேலைப் பட்டியலில் இல்லை. சேர்க்கணும்னா எவ்வளவு பக்கம், எத்தனை நாள் கூடும்னு எழுதித் தரேன். நீங்க சரின்னு சொன்னாத்தான் தொடுவோம்” என்றார். பணிவாகத்தான் சொன்னார், ஆனால் அசையவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு மாதக் கடைசியில் தனியாக ஒரு ரசீது நீட்டுகிறவர்களோடு வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இனி குறைகள்.

பெரிய குறை, நடுவில் தரம் திடீரென்று விழுந்தது. சில கட்டுகள் வரை பிழை வரம்புக்கு நன்றாகக் கீழே இருந்தது. அப்புறம் வந்த ஒரு கட்டில் சோதனைக்கு எடுத்த பக்கங்களில் காலுக்கும் ‘ர’வுக்கும் குழப்பம், ‘ண’வுக்கு ‘ன’, ‘ற’வுக்கு ‘ர’. இவை எழுத்துணரி வழக்கமாகச் செய்கிற பிழைகள், மெய்ப்பில் முதலில் பிடிபட வேண்டியவை. இன்னொரு அடையாளமும் இருந்தது: சந்தேகப் பட்டியலில் அந்தக் கட்டுக்கு வரிகளே மிகக் குறைவு. அதே மாதிரியான பக்கங்களில் அதுவரை மளமளவென்று சந்தேகம் வந்துகொண்டிருக்க, திடீரென்று எல்லாம் தெளிவாகிவிட்டதா? படிக்காதவர்களுக்குத்தான் சந்தேகமே வராது.

தொலைபேசியில் கேட்டதும் ஒருங்கிணைப்பாளர் மழுப்பவில்லை. “ஆள் மாறினது உண்மைதான் மேடம். உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்” என்றார். முதன்மையாக மெய்ப்புப் பார்த்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்குப் பழைய சந்தேகப் பட்டியலைக்கூட யாரும் காட்டவில்லை. கட்டை முழுவதும் திரும்பச் செய்து கொடுத்தார்கள், செலவு அவர்களுடையது. ஒப்பந்தப்படி அது சரி. ஆனால் ஆள் மாறிய விவரம் பிழைகளைப் பார்த்து நாங்கள் ஊகித்துக் கேட்ட பிறகுதான் வந்தது, அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. முக்கியமான ஆள் மாறினால் ஒரு வாரத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும், புதியவரின் முதல் பக்கங்களை நாங்கள் முழுதாகப் பார்ப்போம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டோம். நீங்கள் இதை முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

இதனால் போன நாட்களைப் பிடிக்க இன்னும் இரண்டு மூன்று பேரைப் போடுகிறோம் என்று ஆர்வமாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று ஐபிஎம்மில் பெரிய திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-இலேயே எழுதிவிட்டார். மெய்ப்புக்கும் அது பொருந்தும். புதியவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவர், ஏற்கெனவே உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருப்பவர்தானே. அவர் எழுந்து போனால் இருக்கிற வேலையும் நிற்கும். முடிவு நாளைத் தள்ளிவைத்தோம். எங்கள் இதழைக் கேட்டு வாசலில் யாரும் வரிசையில் நிற்கவில்லை, அதனால் எங்களால் முடிந்தது. தேதி பார்த்துக் காரியம் செய்கிறவர்கள் தள்ளிவைக்க இடம் விட்டே நாள் குறிக்க வேண்டும்.

இரண்டாவது குறை, ஒளிப்படங்கள். எழுத்தில் இவர்களுக்கு இருக்கும் கண் படத்தில் இல்லை. பழைய அச்சில் ஒளிப்படம் என்பது நுண்ணிய புள்ளிகளின் தொகுப்பு. அதை அப்படியே ஸ்கேன் எடுத்தால் புள்ளிகளும் ஸ்கேனரின் கட்டங்களும் மோதி, முகத்தின் மேல் வலை போட்டதுபோல் அலைக்கோலம் வரும். மொய்ரே என்பார்கள். அதிகத் தெளிவில் எடுத்துப் பிறகு குறைப்பது, புள்ளியை மழுக்கும் வசதியைப் பயன்படுத்துவது என்று இதற்கு வழிகள் உண்டு. இவர்கள் எழுத்துப் பக்கத்துக்கும் படப் பக்கத்துக்கும் ஒரே அமைப்பை வைத்து ஓட்டிவிட்டார்கள். முதல் கட்டில் மூலப் படங்களை ஜேபெக் கோப்புகளாகவும் தந்தார்கள், அதில் சேமிக்கும்போதே விவரம் கொஞ்சம் இழந்துவிடும். விவரம் இழக்காமல் சேமிக்கும் டிஃப் கோப்புகள் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்ததால் அதை மாற்றி வாங்கிவிட்டோம். ஆனால் அலைக்கோலம் பற்றி ஒப்பந்தத்தில் எதுவும் இல்லை, ‘தெளிவான படம்’ என்று மட்டும் இருந்தது. தெளிவாகத்தான் இருக்கிறது, வலையும் சேர்த்து! சில படங்களைத் திரும்ப எடுத்துக் கொடுத்தார்கள், முன்பைவிடப் பரவாயில்லை என்ற அளவில்.

பேஜ்மேக்கர் கோப்புகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பழைய எழுத்துருவிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் வேலை சுத்தமாக நடந்தது.

கடைசியாக ஒப்படைப்பு. இங்கே ஒரு சின்ன இழுபறி நடந்தது. வேலையின் போக்கில் அவர்கள் ஒரு திருத்தப் பட்டியலை வளர்த்திருந்தார்கள்: எங்கள் இதழின் ஈய எழுத்தில் எந்த எழுத்தை எழுத்துணரி எதுவாகப் படிக்கிறது, எந்த எழுத்தாளர் எந்தச் சொல்லை எப்படி எழுதுவார் என்றெல்லாம். அது எங்களுக்கும் வேண்டும் என்றோம். அது எங்கள் கருவியின் பகுதி, தர முடியாது என்றார்கள். ‘காசு கொடுத்தோம், ஆகவே எல்லாம் எங்களுடையது’ என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வெளியாள் செய்த வேலையின் உரிமை, எழுத்தில் மாற்றித் தராவிட்டால், பல நாடுகளின் சட்டப்படி செய்தவரிடமே இருந்துவிடலாம். எங்கள் ஒப்பந்தத்தில் உரையும் படமும் எங்களுக்கு என்று இருந்தது, இந்தப் பட்டியலைப் பற்றி இரண்டு பக்கமும் யோசிக்கவில்லை. பேசிப் பேசிப் பாதியில் சந்தித்தோம்: பட்டியலை ஓட்டும் நிரல் அவர்களுடையது, எங்கள் இதழுக்கே உரிய சொற்களும் திருத்தங்களும் எங்களுடையது. ஒரு எக்செல் கோப்பாகக் கொடுத்தார்கள்.

மற்றபடி ஒப்படைப்பு கச்சிதம். கோப்புப் பெயர்களில் தொகுதி, இதழ், பக்கம் மூன்றும் வரிசையாக இருக்கின்றன, பெயரைப் பார்த்தாலே பக்கத்தை எடுத்துவிடலாம். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண் போட்ட ஒரு பட்டியல் கூடவே வந்தது. நகலெடுக்கும்போது ஒரு கோப்பு கெட்டால்கூட அந்த எண் மாறிவிடும், உடனே தெரிந்துவிடும். நாங்கள் அந்தப் பட்டியலைக் கேட்கவில்லை, அவர்களாகவே தந்தது.

சந்தேகப் பட்டியலின் முழுப் பிரதியையும் வாங்கிக்கொண்டோம். உண்மையில் இந்த வேலையில் கிடைத்தவற்றில் எனக்கு நாள்தோறும் கைகொடுப்பது அதுதான். எங்கள் இதழ் எந்தச் சொல்லை எப்படி எழுதும் என்று யாரும் எங்கும் எழுதி வைத்ததில்லை, எல்லாம் மூத்த ஆசிரியர் தலைக்குள்தான் இருந்தது. இப்போது புதிதாக மெய்ப்புப் பார்க்க வருகிறவருக்கு அந்தத் தாளைக் கொடுத்துவிடுகிறேன்.

மதிப்பெண் போடச் சொன்னால் எழுத்து வேலைக்கு ஐந்துக்கு நாலரை, தொடர்புக்கு நான்கு (ஆள் மாறியதைச் சொல்லாததற்கு ஒன்று கழித்தாயிற்று), படங்களுக்கு இரண்டு. யாருக்குப் பொருந்தும் என்றால், தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்கிப் பதில் சொல்ல ஒரு ஆளாவது உங்கள் பக்கம் இருந்தால் தயங்காமல் இப்படிப்பட்ட குழுவிடம் கொடுக்கலாம். ‘மூட்டையைக் கட்டி அனுப்பிவிட்டோம், முடிந்ததும் கூப்பிடுங்கள்’ என்று இருக்க நினைத்தால் இவர்கள் உங்களைப் பாடாய்ப் படுத்திவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு, கேள்வியே கேட்காமல் மாலையிலேயே விலை அனுப்புகிற அந்த முதல் நிறுவனம் பிடிக்கக்கூடும்; கையில் வரும் உரையை யாரும் படிக்கப் போவதில்லை என்றால்.

இதழின் சிறப்பு மலர்கள் இன்னும் பாக்கி இருக்கின்றன. அவற்றின் எழுத்துப் பக்கங்கள் இவர்களிடமே போகின்றன. ஒளிப்படங்களுக்கு மட்டும் வேறு ஒருவரைப் பார்த்து, அலைக்கோலம் இல்லாத மாதிரி ஒன்று கேட்டிருக்கிறோம். இரண்டு பேர் செய்வதும் ஒரே கோப்புப் பெயர் முறையில் வர வேண்டும் என்பதை இந்த முறை இரண்டு ஒப்பந்தங்களிலும் எழுதியாயிற்று.